வேலை போன மறுநாளே: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் காப்புறுதி வழிகாட்டி

கனடாவில் எனக்கு முதல் வேலை போனது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஸ்காபரோவில் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்று. ஷிப்ட் முடிகிற நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து, "திங்கட்கிழமை வரவேண்டாம், வேலை வந்தால் கூப்பிடுவோம்" என்றார். நம்பினேன். கூப்பிடுவார்கள் என்று ஒரு வாரம் இருந்தேன். வேலை நின்றதற்கான கடிதம் தபாலில் வரும் என்று இன்னும் இரண்டு வாரம். கேட்டால் கோபித்துக்கொண்டு திரும்பக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மேலும் சில வாரங்கள். ஏழாவது வாரம்தான் ஈ.ஐ. எனப்படும் வேலைக் காப்புறுதிப் பணத்துக்கு விண்ணப்பித்தேன். தவறிய வாரங்களுக்கான பணம் எனக்கு வரவே இல்லை.

இதை எழுதுவதற்கு அந்தப் பணம்தான் காரணம். நாட்கணக்கு கடிதம் கையில் கிடைக்கிற நாளிலிருந்து தொடங்குவதில்லை, நீங்கள் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த நாளிலிருந்து நான்கு வாரங்களுக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். காகிதங்கள் பிறகு வந்து சேரலாம்.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அரசாங்கக் காசில் இருக்கிறான்" என்று ஊரார் சொல்வார்களே என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஈ.ஐ. என்ற வரிசையில் ஒரு தொகை வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் கட்டியதைப்போல 1.4 மடங்கை முதலாளியும் கட்டியிருக்கிறார். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, 1996 வரை யூ.ஐ. என்றும் அதன்பின் ஈ.ஐ. என்றும் பெயர் கொண்ட வேலைக் காப்புறுதி இது. பழைய ஆட்கள் இன்னும் யூ.ஐ. என்றுதான் சொல்வார்கள். கார் காப்புறுதியில் பணம் கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை அல்லவா?

இதைப் பெறுவதால் நிரந்தர வதிவிட உரிமைக்கு ஆபத்து என்பதும் வெறும் கதை. குடும்பத்தைப் பொறுப்பேற்று அழைப்பதற்குச் சமூக உதவிப் பணம் தடையாக இருக்கலாம், ஈ.ஐ. அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பெற்றோரை அழைக்கும்போது காட்டவேண்டிய வருமானக் கணக்கில் மட்டும் வழமையான ஈ.ஐ. பணத்தைச் சேர்க்க மாட்டார்கள். அம்மா அப்பாவைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

வேலை எதனால் நின்றது என்பதைப் பொறுத்து இடம் மாறும். ஆட்குறைப்பு, வேலை குறைவு, தொழிற்சாலை மூடல் என்றால் வழமையான ஈ.ஐ. வீட்டில் விழுந்தீர்கள், சத்திரசிகிச்சை நடந்தது, நோய் வந்தது என்றால் ஈ.ஐ.யின் நோய்க்காலப் பணம். இவை இரண்டும் மத்திய அரசுடையவை, சேர்விஸ் கனடா என்ற அதன் சேவை அலுவலகம் ஊடாக நடப்பவை. வேலையிடத்தில் காயப்பட்டாலோ, வேலையின் காரணமாக நோய் வந்தாலோ அது மாகாணத்தின் பொறுப்பு. ஒன்ராறியோவில் அதன் பெயர் டபிள்யூ.எஸ்.ஐ.பி., அதாவது வேலையிடக் காப்புறுதிச் சபை. இனிச் சுருக்கமாகச் சபை என்றே சொல்கிறேன். வேறு மாகாணத்தில் இருப்பவர்களுக்கு அங்கங்கே தனிச் சபை உண்டு. நான் சொல்லப்போகும் சபைக் கணக்குகள் ஒன்ராறியோவுக்கானவை.

தவறான கதவைத் தட்டினால் உலகம் முடிந்துவிடாது, ஆனால் மாதங்கள் போகும்.

வேலை போயிருந்தால்

முதலில் மணித்தியாலக் கணக்கு. கடந்த 52 வாரங்களில் 420 முதல் 700 மணித்தியாலம்வரை காப்புறுதிக்குட்பட்ட வேலை செய்திருக்க வேண்டும். உங்கள் பகுதியில் வேலையில்லாதோர் விகிதம் கூடினால் தேவையான மணித்தியாலம் குறையும். விகிதம் 6 வீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால் 700, 13 வீதத்துக்கு மேல் என்றால் 420. வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தவருக்கு 700 என்பது பதினெட்டு வாரத்துக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் வேலை செய்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டலாம். கணக்கு எட்டுமா எட்டாதா என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். விண்ணப்பியுங்கள், கணக்கை அவர்கள் பார்க்கட்டும்.

கையில் காசாகச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இங்கேதான் தொல்லை. அந்த மணித்தியாலங்கள் எங்கும் பதிவாகியிருக்காது. அந்த வேலை காப்புறுதிக்குட்பட்டதா என்று தீர்மானிக்கும்படி கனடா வருவாய் முகமையிடம் கேட்க வழி உண்டு. அதற்கு நீங்கள் வேலை செய்ததற்கான அடையாளம் வேண்டும்: குறுஞ்செய்திகள், ஷிப்ட் அட்டவணையின் படம், வங்கியில் போட்ட பணத்தின் கணக்கு. இப்போது காசுக்கு வேலை செய்துகொண்டிருப்பவர் இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் நாளும் நேரமும் எழுதி வையுங்கள்.

அடுத்தது ஆர்.ஓ.ஈ. எனப்படும் வேலைப் பதிவுப் பத்திரம். எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள், எவ்வளவு சம்பாதித்தீர்கள், ஏன் வேலை நின்றது என்ற மூன்றையும் முதலாளி அதில் எழுதுவார். பெரும்பாலான நிறுவனங்கள் இதை இணையம் வழியாக நேரே சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடுகின்றன. வேலை நின்ற சம்பளக் காலம் முடிந்து 5 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் தபால்பெட்டிக்கு ஒன்றும் வராமலிருப்பதே வழக்கம். நான் வாரக்கணக்கில் எதிர்பார்த்துக் காத்திருந்த கடிதம் அப்படி ஒரு கடிதமே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பத்திரத்தில் ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் வேலை குறைவு, டி என்றால் நோய் அல்லது காயம், ஈ என்றால் தானாக விலகல், எம் என்றால் பணிநீக்கம். கே என்றால் வேறு காரணம். உங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஈ என்று எழுதுகிற முதலாளிகளும் உண்டு. விண்ணப்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சேர்விஸ் கனடா இரு தரப்பையும் கேட்கும். "நாளை வரவேண்டாம்" என்று வந்த ஒரு குறுஞ்செய்தி அப்போது பத்துச் சாட்சிக்குச் சமம். தொலைபேசியை மாற்றும்போது அதை அழித்துவிடாதீர்கள்.

ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனவர்களுக்கு முதலாளி அந்த ஏஜென்சிதான். நீங்கள் நின்று வேலை செய்த தொழிற்சாலை அல்ல. பத்திரமும் ஏஜென்சியிடமிருந்தே வரவேண்டும்.

விண்ணப்பிக்க உட்காரும்போது

இணையத்தில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வீட்டில் கணினி இல்லாவிட்டால் நூலகத்தில் உண்டு, சேர்விஸ் கனடா நிலையத்திலும் உண்டு. இடையில் நிறுத்தினால் மூன்று நாட்களுக்குள் திரும்பி வந்து தொடரலாம். தொடக்கத்தில் அது தரும் தற்காலிகக் கடவுச்சொல்லைக் குறித்து வைத்தால்தான். கட்டணம் ஒரு சதமும் இல்லை. நூறு டொலர் தந்தால் நிரப்பித் தருகிறேன் என்பவர்களிடம் சின் எனப்படும் உங்கள் சமூகக் காப்புறுதி எண்ணும் வங்கி விபரமும் போய்ச் சேருகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் எடுத்து வைக்கவேண்டியவை: சின் எண், தபால் குறியீட்டோடு முகவரி, கடந்த 52 வாரங்களில் வேலை செய்த எல்லா இடங்களின் பெயரும் முகவரியும் தொடங்கிய, முடிந்த திகதிகளும், அதிகம் சம்பாதித்த வாரங்களின் விபரம் (சம்பளச் சீட்டுகள் இதற்குப் போதும்), பணம் வந்து விழவேண்டிய வங்கிக் கணக்கின் மூன்று எண்கள். வங்கி எண், கிளை எண், கணக்கு எண் என்ற அந்த மூன்றும் காசோலையின் அடியில் இருக்கும். சின் எண் 9இல் தொடங்கினால் நீங்கள் தற்காலிக வதிவாளர். வேலை அனுமதிப் பத்திரமும் வேண்டும், அது செல்லுபடியாகும் காலத்தில் இருக்கவும் வேண்டும்.

நம்மவர்கள் தடுக்கி விழுகிற ஒரு சின்னக் கல் இங்கே கிடக்கிறது. பெற்றோரில் ஒருவரின் பிறப்புக் குடும்பப் பெயரைக் கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் இருந்தது தாத்தாவின் பெயர்தான். அதையும் ஒருவர் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். சின் எண்ணுக்கு விண்ணப்பித்தபோது எந்தப் பெயரை, எந்த எழுத்துக்கூட்டலில் கொடுத்தீர்களோ அதையே கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இயந்திரத்துக்கு நீங்கள் வேறு ஆள். மறந்துபோனால் நிலையத்துக்கு நேரில் போய்த் தீர்த்துக்கொள்வது நல்லது.

இணையம் சரிவராதவர்கள் 1-800-206-7218 என்ற சேர்விஸ் கனடா எண்ணை அழைத்து வழி கேட்கலாம். காலையில் திறந்தவுடன் அழையுங்கள். மதியத்தில் காத்திருக்கும் சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிடலாம்.

எவ்வளவு வரும்

உங்கள் சராசரி வாரச் சம்பளத்தின் 55 வீதம். எல்லா வாரங்களையும் எடுப்பதில்லை. கடந்த ஆண்டில் நீங்கள் அதிகம் சம்பாதித்த 14 முதல் 22 வாரங்களை, பகுதிக்கு ஏற்ப, எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். மணித்தியாலத்துக்கு 18 டொலர், வாரம் 40 மணித்தியாலம் என்றால் சம்பளம் 720; அதில் 55 வீதம் 396 டொலர். இதிலும் வருமானவரி வெட்டுவார்கள். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் வாரத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு: 2025இல் 695 டொலர், 2026இல் 729. பிள்ளைகளுள்ள குடும்பத்தின் ஆண்டு நிகர வருமானம் 25,921 டொலருக்கு உட்பட்டிருந்தால் மேலதிகமாகவும் கிடைக்கும். அதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை.

14 முதல் 45 வாரங்கள்வரை பணம் வரலாம். முதல் ஒரு வாரம் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் இல்லை. விலகல் கொடுப்பனவோ, விடுமுறைப் பணமோ முதலாளியிடம் மொத்தமாகக் கிடைத்திருந்தால் அதற்கேற்ப ஈ.ஐ. பிந்தித் தொடங்கும். பொருளாதாரம் ஆட்டம் காணும்போது அரசு இந்த இரண்டையும் தற்காலிகமாகத் தளர்த்தியதுண்டு. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறை என்ன என்று பாருங்கள். ஆனால் கொடுப்பனவு முடியட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

தானாக விலகியவருக்கும், நடத்தைத் தவறுக்காக நீக்கப்பட்டவருக்கும் வழமையான ஈ.ஐ. பொதுவாக இல்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களையும் முதலாளி பயன்படுத்துகிற அகலத்தில் சட்டம் பயன்படுத்துவதில்லை. வேலை வேகம் போதாது என்று நீக்கினால் அது நடத்தைத் தவறு அல்ல. தொந்தரவு, பாகுபாடு, ஆபத்தான வேலையிடம், சம்பளத்தைப் பெருமளவு குறைத்தது, கணவனோ மனைவியோ வேறு ஊருக்கு மாறியது ஆகிய காரணங்களால் விலகியிருந்தால் அது நியாயமான விலகலாகலாம். விலகுவதைவிட வேறு வழி இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே கோபத்தில் வேலையை உதறுவதற்கு முதல் நாள் ஒரு மின்னஞ்சலாவது எழுதி முறையிட்டிருங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை

விண்ணப்பித்த பிறகு தபாலில் ஒரு விபரக் கடிதம் வரும். அதில் 4 இலக்க அணுகல் எண் ஒன்று இருக்கும். அது வங்கி அட்டையின் இரகசிய எண்ணைப் போன்றது, எவருக்கும் கொடுக்காதீர்கள். இதை வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இணையத்திலோ 1-800-531-7555 என்ற எண்ணிலோ அறிக்கை கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முடிவு வராவிட்டாலும் அறிக்கையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் விண்ணப்பித்து 28 நாட்களுக்குள் முதல் பணம் வரும் என்பது அவர்களின் கணக்கு. முடிவு வரட்டும் என்று அறிக்கையை நிறுத்தி வைத்தவர்களுக்கு முடிவு வந்தும் பணம் வருவதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் பிந்தினால் கோப்பே மூடப்படலாம்.

கேள்விகள் எளியவை. பதில் சொல்வதில்தான் நம்மவர்கள் பிழை விடுகிறார்கள். வேலை செய்தீர்களா என்றால், சம்பளம் கையில் வந்த வாரத்தைச் சொல்லக் கூடாது. வேலை செய்த வாரத்தைச் சொல்ல வேண்டும். வாரம் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிகிறது. தொகை, வெட்டுக்கு முந்தைய மொத்தத் தொகை. இரண்டு நாள் கடையொன்றில் நின்றாலும் சொல்லுங்கள், சொன்னால் நட்டமில்லை. மேலே சொன்ன 396 டொலர்காரர் ஒரு வாரம் 200 டொலருக்குப் பகுதிநேர வேலை செய்தால், ஒரு டொலருக்கு 50 சதம் என்று 100 டொலர்தான் கழியும். 296ம் 200ம் சேர்த்து 496 கைக்கு வரும். முன்பு உழைத்த வாரச் சம்பளத்தின் 90 வீதத்தைத் தாண்டினால்தான் முழுதாகக் கழிப்பார்கள். சொல்லாமல் விட்டால் முதலாளியின் பதிவோடு ஒப்பிட்டு ஒருநாள் பிடிப்பார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதோடு தண்டமும் சேரும். அடுத்த முறை விண்ணப்பிக்க மணித்தியாலமும் கூடக் கேட்பார்கள்.

"திங்கள் முதல் வெள்ளிவரை ஒவ்வொரு நாளும் வேலை செய்யத் தயாராகவும் இயலுமானவராகவும் இருந்தீர்களா?" என்றும் கேட்பார்கள். ஆங்கில வகுப்புக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். முழுநேர வகுப்பில் இருந்துகொண்டு வேலைக்குத் தயார் என்றால் நம்ப மாட்டார்கள். வகுப்புக்குப் போவதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வேலை கிடைத்தால் வகுப்பை மாற்றிக்கொள்வேன் அல்லது விடுவேன் என்றால் அதையும் சொல்லுங்கள். வேலை தேடியதற்கான பட்டியல் ஒன்றும் வேண்டும். எந்த நாள், எந்த நிறுவனம், எப்படி விண்ணப்பித்தீர்கள் என்று எழுதி 6 வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

பிறகு, ஊர்ப் பயணம். கனடாவுக்கு வெளியே இருக்கிற நாட்களுக்கு வழமையான ஈ.ஐ. கிடையாது. நெருங்கிய உறவினரின் செத்தவீட்டுக்கோ, கடும் நோயில் இருக்கும் பெற்றோரையோ பிள்ளையையோ பார்க்கவோ போனால் தொடர்ச்சியாக 7 நாட்கள்வரை விலக்கு உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் பயணத்துக்கே மூன்று நான்கு நாட்கள் போய்விடும், அந்தியேட்டிவரை நிற்க முடியாது. நிற்க வேண்டுமானால் நில்லுங்கள். அந்த மேலதிக நாட்களுக்குப் பணம் வராது, அவ்வளவுதான். போனதை மறைப்பதுதான் குற்றம். எல்லைச் சேவை முகமையிடமிருக்கும் நுழைவு, வெளியேற்றப் பதிவுகள் இவர்களுக்கும் கிடைக்கின்றன.

வேலையில் காயப்பட்டால்

இதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற பகுதி. ஏனென்றால் இங்கே முதல் ஒரு மணித்தியாலத்தில் நாம் சொல்லுகிற ஒரு சொல் பல வருடங்களுக்குக் கூடவே வருகிறது.

என் பக்கத்து அடுக்குமாடியில் ஒரு அண்ணை இருந்தார். கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கும்போது முதுகில் பிடித்தது. மேற்பார்வையாளர் தேன் போலப் பேசினார்: "வைத்தியரிடம் போ, வீட்டில் விழுந்தேன் என்று சொல், உன் சுகாதார அட்டையில் பார்ப்பார்கள். இரண்டு கிழமைச் சம்பளத்தை நான் தருகிறேன்." அண்ணை அப்படியே சொன்னார். இரண்டு கிழமை முடிந்தது, முதுகு குணமாகவில்லை, சம்பளம் நின்றது. பிறகு சபைக்கு விண்ணப்பித்தபோது வைத்தியரின் முதல் குறிப்பில் "வீட்டில் விழுந்தார்" என்றிருந்தது. அந்த ஒரு வரியை அழிக்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

முதலாளி அப்படிச் சொல்வது சட்டவிரோதம். காயத்தை மறைக்கும்படி தூண்டுவதும், முறையிட்டதற்காக மிரட்டுவதும் தண்டனைக்குரியவை.

ஆகவே வரிசை இது. அடிபட்டவுடன் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகும். யார் பக்கத்தில் நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ முதல் வசனமாக "இது வேலையில் நடந்தது" என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவர் சபைக்கான 8ஆம் படிவத்தை நிரப்புவார். முதலாளி, சிகிச்சை தேவைப்பட்ட காயம் என்று அறிந்த 3 வேலை நாட்களுக்குள் 7ஆம் படிவத்தை அனுப்ப வேண்டும். உங்களுடையது 6ஆம் படிவம். அதற்கு 6 மாத அவகாசம் இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் ஆறு நாளில் அனுப்புங்கள். முதலாளி தன்னுடையதை அனுப்பாவிட்டாலும் உங்களுடையது போகலாம். சபையின் எண் 1-800-387-0750. தமிழில் பேசவேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசமாக ஏற்படுத்தித் தருவார்கள். வலி பற்றிய கேள்விகளுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் "ஓகே, ஓகே" என்று பதில் சொல்லி வைத்து, பிறகு "ஓகே என்று அவரே சொன்னார்" என்று கோப்பில் எழுதப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே நாளில் வந்த காயம்தான் என்றில்லை. மாதக்கணக்காக ஒரே அசைவைச் செய்ததால் வந்த தோள் நோவு, மணிக்கட்டு நோவு, தூசியால் வந்த மூச்சு நோய் எல்லாம் இதற்குள் வரும்.

பிழை என் பக்கம்தானே, கவனக்குறைவாக இருந்துவிட்டேனே என்று தயங்க வேண்டாம். இந்தச் சபையின் அடிப்படையே யார் பிழை என்று கேட்காமல் இருப்பது. வில்லியம் மெரடித் என்ற நீதிபதி 1913இல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1914இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. தொழிலாளி முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார்; பதிலுக்கு, பிழை யாருடையதானாலும் இழப்பீடு என்பது வந்தது. வழக்குப் போடும் உரிமையை உங்களுக்காக நூறு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டார்கள். அதன் விலையையாவது வாங்குங்கள். காசுக்கு வேலை செய்தவர், வேலை அனுமதி இல்லாதவர் என்பதற்காகவும் இந்த உரிமை இல்லாமல் போவதில்லை. வங்கி முதலான சில தொழில்கள் மட்டும் கட்டாயமாகச் சபைக்குள் வருவதில்லை. உங்களுடையது வருகிறதா என்று அவர்களையே கேட்கலாம்.

காயப்பட்ட நாளின் முழுச் சம்பளம் முதலாளியின் பொறுப்பு. மறுநாளிலிருந்து, கையில் வந்த நிகரச் சம்பளத்தின் 85 வீதத்தைச் சபை தரும். மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றின் செலவும் அதனுடையதே.

சில நாட்களில் முதலாளி இலகு வேலை தருகிறேன் என்று கூப்பிடுவார். இது பொறியாகவும் இருக்கலாம், உண்மையான உதவியாகவும் இருக்கலாம். எதுவானாலும் போகாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள், காரணமின்றி மறுத்தால் பணம் குறையும் அல்லது நிற்கும். நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தூக்கலாம் என்று வைத்தியர் நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுபோங்கள். கொடுத்த வேலை அதற்குப் பொருந்தாவிட்டால் அன்றே சபைக்குத் தெரிவித்து, எழுத்திலும் கொடுங்கள்.

சபையின் முடிவு வர வாரங்கள் ஆகும், வாடகை அதுவரை காத்திராது. அந்த இடைவெளிக்கு ஈ.ஐ.யின் நோய்க்காலப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு சபை அதே காலத்துக்குப் பணம் கொடுத்தால் ஈ.ஐ.யைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். ஆகவே சபையிடமிருந்து மொத்தமாகக் காசு வந்த கையோடு பழைய கார் மாற்றப் போய்விடாதீர்கள்.

நோய்க்காலப் பணத்துக்கு 600 மணித்தியாலம் தேவை. வார வருமானம் குறைந்தது ஒரு வாரமாவது 40 வீதத்துக்கு மேல் வீழ்ந்திருக்க வேண்டும். அதே 55 வீதக் கணக்குத்தான். 2022 டிசம்பர் 18 முதல் இது 15 வாரத்திலிருந்து 26 வாரமாகக் கூட்டப்பட்டது. வைத்தியரின் சான்றிதழ் வேண்டும், அதற்கு அவர் கட்டணம் கேட்கலாம்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவது நம் பழக்கம். ஈ.ஐ. மறுத்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் மறுக்கப்பட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிந்தி விண்ணப்பித்தவர்கள், பிந்தியதற்குத் தக்க காரணம் இருந்தால் முன்திகதியிடும்படி, அதாவது முன்பே விண்ணப்பித்ததாகக் கருதும்படி, கேட்கலாம். எனக்கு அப்போது இது தெரியாது. தெரிந்திருந்தாலும் "கூப்பிடுவார்கள் என்று இருந்தேன்" என்பதைத் தக்க காரணமாக ஏற்றிருப்பார்களோ சந்தேகம்தான். சபையின் முடிவை எதிர்ப்பதற்கு, வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவென்றால் 30 நாள், மற்றவற்றுக்கு 6 மாதம்.

இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் பிடிக்கவேண்டிய அவசியம் இல்லை. தொழிற்சங்கம் இருந்தால் முதலில் அங்கே. இல்லாதவர்களுக்கு, சபை தொடர்பான வழக்குகளில் ஒன்ராறியோ அரசின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது. குறைந்த வருமானக்காரர்களுக்குப் பகுதிதோறும் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் உண்டு. அவர்களிடம் போகும்போது உறைகளைக்கூட எறியாமல் எல்லாக் கடிதத்தையும் கொண்டுபோங்கள், தபால் முத்திரைத் திகதி சில வேளைகளில் வழக்கையே காப்பாற்றும்.

மணித்தியாலம் போதாமல் ஈ.ஐ. கிடைக்கவில்லை, வேறு வழியும் இல்லை என்றால் ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற சமூக உதவி இருக்கிறது. தனியாளுக்கு மாதம் 733 டொலர்தான். ரொறன்ரோவில் அது ஓர் அறை வாடகைக்கும் காணாது. முன்பு சொன்னபடி குடும்பத்தை அழைப்பதற்கும் இது தடையாகலாம், ஆகவே கடைசியாக யோசிக்க வேண்டியது.

புது வேலை கிடைத்ததும் அடுத்த அறிக்கையில் தொடங்கிய நாளையும் முதல் வாரங்களின் வருமானத்தையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பெப்ரவரியில் டி4ஈ என்ற சீட்டு வரும்; ஈ.ஐ. வரிக்குரிய வருமானம், வரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அணுகல் எண் உள்ள தாளைக் கிழித்துவிடாதீர்கள். ஒரு கோரிக்கை பொதுவாக 52 வாரங்களுக்கு உயிரோடிருக்கும். அதற்குள் புது வேலையும் போய், எடுக்காத வாரங்கள் மிச்சம் இருந்தால் பழைய கோரிக்கையையே மீண்டும் தொடக்கலாம். அப்போதும் உடனே விண்ணப்பிக்க வேண்டும், புதிய வேலையின் ஆர்.ஓ.ஈ.யும் அனுப்பப்பட வேண்டும்.